சரியான ஸ்கிரிப்ட், தவறான பட்டியல்: அட்லாசியன் 2022 நிகழ்வு ஆய்வு

2022 ஏப்ரல் 5, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரம் பிற்பகல் 1:08-க்கு அலுவலகங்களுக்கான மென்பொருள் தயாரிக்கும் அட்லாசியன் நிறுவனத்தில் ஓர் அழிப்பு ஸ்கிரிப்ட் (கட்டளைகளைத் தானாக வரிசையாக ஓட்டும் சிறு நிரல்) ஓடத் தொடங்கியது. 1:31-க்கு எந்த எச்சரிக்கையும் எழுப்பாமல் வேலையை முடித்துக்கொண்டது. அந்த 23 நிமிடங்களில் 775 வாடிக்கையாளர்களின் 883 கிளவுட் தளங்கள் காணாமல் போயின. ஜிரா, கான்ஃப்ளுவென்ஸ், ஆப்ஸ்ஜீனி, ஸ்டேட்டஸ்பேஜ் என்று அந்தத் தளங்களில் எது இருந்ததோ எல்லாம் சேர்ந்து போயின. முதல் தொகுதி வாடிக்கையாளர்கள் ஏப்ரல் 8-ல் மீண்டார்கள். கடைசித் தளம் திரும்பி வந்தது ஏப்ரல் 18-ல்தான்.

மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு, வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் ஜிராவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டு வாரம் அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் விளக்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் வருடாந்திர மாநாடு லாஸ் வேகஸில் தொடங்கியதும் அழிப்பு நடந்த அதே நாளில்தான்.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதன் அளவு அல்ல. இதில் ஹேக்கர் இல்லை, வன்பொருள் பழுது இல்லை, அவசரத்தில் தட்டச்சுப் பிழை செய்த ஊழியர்கூட இல்லை. ஸ்கிரிப்ட் சக பொறியாளரின் மறுபார்வைக்குப் போனது. ஸ்டேஜிங் எனப்படும் மாதிரிச் சூழலில் சோதிக்கப்பட்டது. வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் உற்பத்திச் சூழலில் முதலில் சிறு எண்ணிக்கையில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. பாடப்புத்தகம் சொல்லும் மூன்று சோதனைகளும் நடந்தன, மூன்றும் தேறின.

வேலை என்ன?

சொத்து மேலாண்மைக்காக இன்சைட் என்றொரு தனிச் செயலி இருந்தது. அதை ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பழைய தனிச் செயலி சில வாடிக்கையாளர்களின் தளங்களில் மிச்சம் இருந்தது, அதை நீக்க வேண்டும். அதற்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஸ்கிரிப்டும் நடைமுறையும் போதும் என்று முடிவாயிற்று. புதிதாக எதையும் எழுதும் அவசியம் இல்லாத, அலுப்பூட்டும் பராமரிப்பு வேலை.

நீக்கச் சொன்னது ஒரு குழு, ஸ்கிரிப்டை ஓட்டியது இன்னொரு குழு. முதல் குழு தர வேண்டியது, ஒவ்வொரு தளத்திலும் உள்ள இன்சைட் செயலியின் ஐடி (அடையாளக் குறி). தந்தது, அந்தச் செயலி நிறுவப்பட்டிருந்த தளத்தின் ஐடி. வீட்டுக்குள் இருக்கும் அலமாரியை அகற்றச் சொல்லிவிட்டு வீட்டு முகவரியை மட்டும் கொடுத்தது போல.

அந்த ஸ்கிரிப்ட் அழைத்த ஏபிஐ (ஒரு நிரல் இன்னோர் அமைப்புக்குக் கட்டளையிடும் வாசல்) இரண்டு வகை ஐடியையும் வாங்கிக்கொள்ளும். செயலியின் ஐடி வந்தால் செயலியை அழிக்கும், தளத்தின் ஐடி வந்தால் தளத்தையே அழிக்கும். எது வந்திருக்கிறது என்று திருப்பிக் கேட்காது. வந்தது சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும்.

ஏப்ரல் 12-ல், அதாவது ஒரு வாரம் கழித்து, அப்போதைய தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஸ்ரீ விஸ்வநாத் வெளியிட்ட விளக்கம் இன்னொரு விவரத்தையும் சொன்னது. அந்த ஸ்கிரிப்டில் இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று, அழிப்பதற்குக் குறியிட்டு வைப்பது. அன்றாட வேலைக்கு இதுதான், பிறகு மீட்டுக்கொள்ளலாம். மற்றது, நிரந்தரமாக அழிப்பது. சட்டமும் ஒப்பந்தமும் தரவை அடியோடு நீக்கச் சொல்லும்போது இது தேவைப்படும். அன்று ஓடியது இரண்டாவது முறை. தவறான பட்டியல் தவறான முறையோடு சேர்ந்துகொண்டது. அந்த விளக்கத்தில் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 400 என்றிருந்தது, பிறகு வந்த முழு ஆய்வறிக்கையில் 775 ஆனது. சம்பவம் நடந்து ஒரு வாரம் ஆன பிறகும் எண்ணிக்கை கைக்கு வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்று சோதனைகளும் ஏன் தேறின?

இத்தகைய ஸ்கிரிப்டுகளின் எலும்புக்கூடு எங்கு போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு உரைக் கோப்பு இருக்கும், வரிக்கு ஓர் ஐடி. அதை மேலிருந்து கீழாகப் படிக்கும் ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி. லூப்புக்குள் ஓர் அழைப்பு: இந்த ஐடிக்கு உரியதை அழி. வெற்றி என்று பதில் வந்தால் அடுத்த வரிக்குப் போ. பத்து வரிக்கு மேல் இருக்காது. கிளவுட் நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்றிரண்டு கிடக்கும்.

மறுபார்வைக்கு உட்காருபவர் பார்ப்பது லூப்பை. எந்த ஏபிஐ அழைக்கப்படுகிறது, எப்படி அழைக்கப்படுகிறது, பிழை வந்தால் என்ன நடக்கும். அட்லாசியனிலும் மறுபார்வை அங்கேதான் நின்றது. கோப்பில் இருக்கும் ஐடிகள் செயலியைச் சுட்டுகின்றனவா, தளத்தைச் சுட்டுகின்றனவா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பட்டியல் கோப்பு பெரும்பாலும் நிரலோடு சேர்ந்து, நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் களஞ்சியத்துக்குள் வருவதே இல்லை. யாரோ எடுத்துத் தந்த விரிதாளிலிருந்து நகலெடுக்கப்பட்டு, அரட்டைச் செய்தியிலோ டிக்கெட்டின் (பதிவான கோரிக்கையின்) இணைப்பிலோ வந்து சேரும். நிரலுக்குத் தேதியும் பெயரும் வரலாறும் உண்டு. பட்டியலுக்கு எதுவும் கிடையாது. ஆனால் எதை அழிப்பது என்று முடிவு செய்வது பட்டியல்தான்.

ஸ்டேஜிங் சோதனையின் கதை இன்னும் எளிது. உற்பத்திச் சூழலின் ஐடிகள் ஸ்டேஜிங்கில் இல்லவே இல்லை. ஆகவே அங்கே சோதிக்கப்பட்டது லூப் மட்டும். பட்டியலைச் சோதிக்க ஸ்டேஜிங்கால் முடியாது, எந்த நிறுவனத்திலும் முடியாது.

மூன்றாவது சோதனைதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. உற்பத்திச் சூழலில் முதலில் 30 தளங்களில் மட்டும் ஓட்டினார்கள். கச்சிதமாக நடந்தது, இன்சைட் செயலி மட்டும் போயிற்று, வேறு எதற்கும் பாதிப்பில்லை. பெரிய ஓட்டத்துக்கு நம்பிக்கை தந்தது இந்த வெற்றிதான். ஆனால் அந்த 30 ஐடிகளும் குழுக்களுக்கு இடையே குழப்பம் நேர்வதற்கு முன்பே எடுக்கப்பட்டவை. அவை சரியான செயலி ஐடிகள். அடுத்த ஓட்டத்துக்கு வந்த பட்டியல் வேறு சமயத்தில் திரட்டப்பட்டது. முன்னோட்டம் சோதித்தது ஒரு பட்டியலை, ஓடியது இன்னொரு பட்டியல். சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக்கு என்ற அறிவுரை பொருந்த வேண்டுமானால், சிறியது பெரியதன் ஒரு துண்டாக இருந்தாக வேண்டும். இறுதிப் பட்டியல் பூட்டப்பட்ட பிறகு அதிலிருந்தே 30 வரிகளைப் பொறுக்கி ஓட்டியிருந்தால், இழப்பு 30 தளங்களோடு நின்றிருக்கும். அதுவும் வலிதான். ஆனால் ஓரிரு நாளில் முடிந்துபோகும் வலி.

நிமிடக் கணக்கு

883 தளங்கள், 23 நிமிடங்கள். சராசரியாக ஒன்றரை நொடிக்குச் சற்று மேல் ஒரு தளம். ஸ்கிரிப்ட் ஒன்றன்பின் ஒன்றாக அழித்துக்கொண்டு போனதால், முதல் வாடிக்கையாளரின் தளம் 1:08-க்கே போய்விட்டது. முதல் புகார் டிக்கெட் வந்தது 1:16-க்கு. வேகம் சீராக இருந்ததாக வைத்துக்கொண்டால், அப்போது ஏறக்குறைய 300 தளங்கள் போயிருக்கும், கிட்டத்தட்ட 580 மிச்சம் இருந்திருக்கும். அந்த டிக்கெட்டைப் படித்த நொடியில் யாராவது ஸ்கிரிப்டை நிறுத்தியிருந்தால் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தப்பியிருக்கும். ஆனால் டிக்கெட்டுக்கும் ஸ்கிரிப்டுக்கும் தொடர்பு உண்டு என்று உறுதியானது 2:23-க்குத்தான். பெரிய நிகழ்வுக்கான நடைமுறை தொடங்கிய 1:47-க்கே ஸ்கிரிப்ட் ஓய்ந்து 16 நிமிடங்கள் ஆகியிருந்தன. இந்த வேகத்தில் மனிதர் குறுக்கிட்டுக் காப்பாற்றுவது நடக்காத காரியம். நிறுத்துவது என்றால் ஸ்கிரிப்டே தன்னை நிறுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

கண்காணிப்புக் கருவிகள் ஏன் அலறவில்லை? வழக்கமான அழிப்பு நடைமுறை வழியாகவே தளங்கள் போயின என்பதால். தளம் பழுதாகி விழுந்தால் மணி அடிக்கும். முறைப்படி நீக்கப்பட்டால் அடிக்காது, அடிக்கவும் தேவையில்லை என்பதுதான் வடிவமைப்பு. வாடிக்கையாளர் விலகிப் போகும் ஒவ்வொரு முறையும் இரவுப் பணியில் இருப்பவரை எழுப்ப யாருக்கும் விருப்பம் இருக்காது.

தளத்தோடு சேர்ந்து வாடிக்கையாளரின் தள முகவரியும், நிர்வாகியின் தொடர்பு விவரமும் போயின. உதவி கேட்டு டிக்கெட் எழுப்பச் செல்லுபடியாகும் தள முகவரி வேண்டும். தளம் இல்லாதவரால் தளம் இல்லை என்று புகார் செய்ய முடியவில்லை. நிறுவனத்தாலும் யாரைத் தொடர்புகொள்வது என்று உடனே தெரிந்துகொள்ள முடியவில்லை.

ஐடி மறுபடியும் வந்து நின்றது

பேக்கப் இருந்தது, 30 நாள்களுக்கு உரியது. தரவு அழிந்துவிட்டது என்பதல்ல சிக்கல். ஒரு வாடிக்கையாளரை மீட்டுப் பழகியிருந்தார்கள், ஒட்டுமொத்தக் கட்டமைப்பையும் மீட்டுப் பழகியிருந்தார்கள். பல வாடிக்கையாளர்கள் ஒரே தரவுத்தளக் கட்டமைப்பைப் பகிர்ந்துகொண்டிருக்கும்போது, மற்றவர்களைத் தொடாமல் நூற்றுக்கணக்கானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துத் திரும்ப வைக்கும் ஒத்திகை நடந்ததே இல்லை.

முதலில் எடுத்த வழி, வாடிக்கையாளருக்குப் புதிய தளம் ஒன்றை உருவாக்கி அதில் பழைய தரவை ஊற்றுவது. புதிய தளம் என்றால் புதிய ஐடி. பயனர் கணக்கு, உரிமம், இணைப்புக் கோப்புகள், வெளியார் செயலிகள் என்று பழைய ஐடி பதிந்திருந்த இடமெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு தளத்துக்கு ஏறக்குறைய 70 படிகள், ஒரு தொகுதிக்குச் சுமார் 48 மணி நேரம். இப்படி 112 தளங்கள் மீண்டன. பிறகு, அழிந்த ஐடியையே உயிர்ப்பித்து அதே அடையாளத்தில் தளத்தை எழுப்பும் வழியைக் கண்டார்கள். படிகள் 30 சொச்சமாகக் குறைந்தன, தொகுதிக்கு 12 மணி நேரம் போதுமானது. மிச்சமிருந்த 771 தளங்கள் இந்த வழியில் திரும்பின. பெரும்பாலானவர்களின் தரவு, அழிப்புக்கு ஐந்து நிமிடம் முந்தைய நிலைக்கே வந்து சேர்ந்தது. அதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

அமேசானில் ஐந்து ஆண்டுகளுக்கு முன்

ஒப்பிட வேண்டிய இன்னொரு நிகழ்வு 2017 பிப்ரவரி 28-ல் நடந்தது. வடக்கு வர்ஜீனியாவில் அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-ன் கட்டணக் கணக்குப் பகுதி மெதுவாக ஓடியதால், சில சர்வர்களை விலக்க அனுமதி பெற்ற ஊழியர் ஒருவர், எழுதி வைத்த நடைமுறைப்படியே ஒரு கட்டளையை இட்டார். அதில் ஓர் உள்ளீடு தவறாகப் போயிற்று. விலக வேண்டியதைவிட மிக அதிகமான சர்வர்கள் விலகின. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை அமைப்பும், புதிய பொருளுக்கு இடம் ஒதுக்கும் அமைப்பும் முழுதாக மறுதொடக்கம் ஆக வேண்டியிருந்தது. பெரிய வட்டாரங்களில் பல ஆண்டுகளாக அப்படி மறுதொடக்கம் செய்ததே இல்லை என்பதால் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சேவை நிலையைக் காட்டும் பலகையின் நிர்வாகப் பக்கமும் எஸ்3-ஐ நம்பியிருந்ததால், முதல் இரண்டு மணி நேரம் பலகையை மாற்றக்கூட முடியவில்லை.

இரண்டிலும் கட்டளை சரி, உள்ளீடு தவறு. அமேசான் அதன்பிறகு கருவியைத் திருத்தியது. சர்வர்களை மெதுவாகத்தான் விலக்கும், ஓர் அமைப்பின் கொள்ளளவு குறைந்தபட்சத் தேவைக்குக் கீழே போகும் என்றால் விலக்கவே மறுக்கும். கட்டளையிடுபவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை.

நம் ஸ்கிரிப்டுகளில்

அமேசானின் வாடகை சர்வர் சேவையான இசி2-வில் ஐடியின் முன்னொட்டே வகையைச் சொல்லிவிடும். சர்வருக்கு ‘ஐ’, வட்டுக்கு ‘வால்’, ஃபயர்வால் விதிக் குழுவுக்கு ‘எஸ்ஜி’. சர்வரை அழிக்கும் கட்டளைக்கு வட்டின் ஐடியைக் கொடுத்தால் வடிவமே தவறு என்று திருப்பி அனுப்பிவிடும். மலிவான வேலைதான், ஆனால் அட்லாசியனில் நடந்த வகைக் குழப்பத்தை வாசலிலேயே நிறுத்தியிருக்கும். நம் நிறுவனத்துக்குள் நாமே எழுதும் ஏபிஐகளில் இது அநேகமாக இருப்பதில்லை. 36 எழுத்துள்ள ஒரே அச்சு ஐடிகளை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது, நிரலுக்கும் தெரியாது.

ஒத்திகை ஓட்டத்தை (எதையும் மாற்றாமல் ஓட்டிப் பார்ப்பதை) நம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. இசி2 கட்டளைகளில் இருக்கும் ஒத்திகை விருப்பம், இந்த வேலையைச் செய்ய உங்களுக்கு அனுமதி உண்டா என்பதை மட்டும்தான் சொல்லும். எது போகப்போகிறது என்று காட்டாது. எஸ்3-ல் கோப்புகளை நீக்கும் கட்டளையின் ஒத்திகையோ போகப்போகும் பெயர்களை ஒவ்வொன்றாக அச்சிடும். பெயர் ஒன்று போலத் தோன்றினாலும் இரண்டும் வெவ்வேறு உறுதிகளைத் தருகின்றன. முதலாவதை ஓட்டிவிட்டு இரண்டாவதன் நிம்மதியோடு இருப்பவர்கள் நிறையப் பேர்.

பட்டியலைத் திரட்டும் இடத்திலேயே ஒளிந்திருக்கும் பள்ளம் ஒன்று உண்டு. அமேசானின் கட்டளைவரிக் கருவியில் விடையை வெறும் உரையாகக் கேட்டால், வினவல் (எதைப் பொறுக்கி எடுக்க வேண்டும் என்ற கேள்வி) ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக ஓடும். எஸ்3 பட்டியல் ஒரு பக்கத்துக்கு 1000 பொருள்கள். ‘முதல் பொருளை மட்டும் கொடு’ என்று கேட்டால், 3500 பொருள்கள் உள்ள இடத்தில் ஒன்றுக்குப் பதில் நான்கு வரும். 900 பொருள்கள் உள்ள சோதனைச் சூழலில் ஒன்றுதான் வரும், சோதனை தேறிவிடும். ஜேசன் என்ற கட்டமைந்த தரவு வடிவில் கேட்டால் எல்லாப் பக்கங்களும் சேர்ந்த பிறகே வினவல் ஓடும் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. இதே உரை வடிவத்தில் மதிப்பு எதுவும் கிடைக்காவிட்டால் வெற்றிடம் வராது, ‘நன்’ (ஏதுமில்லை) என்ற ஆங்கிலச் சொல் எழுத்தாகவே வரும். வெற்றிடமா என்று மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் அதையும் ஓர் ஐடியாக எடுத்துக்கொண்டு போகும்.

அழிப்பு ஸ்கிரிப்ட் ஒன்று மறுபார்வைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது, அழி என்ற அழைப்புக்கு முன்னால் விவரம் கேட்கும் அழைப்பு இருக்கிறதா என்பது. ஒவ்வோர் ஐடிக்கும் அதன் வகை, பெயர், உரிமையாளர், உருவான நாள் ஆகியவற்றைக் கிளவுடிடமே கேட்டு வாங்க வேண்டும். வகை எதிர்பார்த்தது இல்லையென்றால் அந்த வரியைத் தாண்டிப் போவது தவறு, முழு ஓட்டமும் அங்கேயே நிற்க வேண்டும். ஒரு வரி தவறு என்றால் பட்டியல் முழுவதன் மீதும் சந்தேகம் வர வேண்டும் அல்லவா? 883 தளங்களில் முதல் ஐடிக்கே ‘இது செயலி அல்ல, தளம்’ என்று பதில் வந்திருக்கும். கூடுதல் செலவு, தளத்துக்கு ஓர் அழைப்பு.

அடுத்தது, பட்டியல் நிரலோடு சேர்ந்து களஞ்சியத்துக்குள் வர வேண்டும். எந்த வினவலால், எந்த நாளில், யாரால் எடுக்கப்பட்டது என்பதோடு. மறுபார்வை செய்பவர் அதில் சில வரிகளைக் கண்மூடித் தொட்டு எடுத்து, அவை என்ன என்று தானே கேட்டுப் பார்க்க வேண்டும். ‘ஆம்’ என்று தட்டச்சிடச் சொல்லும் உறுதிப்படுத்தல்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூரில் ஒரு வளக் குழுவை நீக்கினால் ஆமா, இல்லையா என்று கேட்கும். ஸ்கிரிப்டுக்குள் போகும்போது கேள்வியே வராதபடி ஒரு விருப்பத்தைச் சேர்த்துவிடுகிறோம். அஷ்யூரிலேயே உள்ள அழிப்புத் தடைப் பூட்டு உண்மையில் உதவும். பூட்டைத் தனியாகக் கழற்றாமல் எந்த ஸ்கிரிப்டாலும் நீக்க முடியாது.

அட்லாசியன் தன் ஆய்வறிக்கையில் முதலில் வைத்த தீர்வு, எல்லா அமைப்புகளிலும் உடனடி நிரந்தர அழிப்பை ஒழித்து, மீட்கக்கூடிய அழிப்பைப் பொதுவாக்குவது. பெரிய கிளவுட்களில் இது பல இடங்களில் ஏற்கெனவே உண்டு. கூகுள் கிளவுடில் ஒரு திட்டத்தை மூடினால் 30 நாள்கள் வரை திரும்பப் பெறலாம். அமேசானின் மறையாக்கச் சாவியை அழிக்கச் சொன்னால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 30 நாள் காத்திருக்கும். இந்தத் தீர்வோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தன் தரவை அடியோடு நீக்கச் சொல்லும் உரிமை ஐரோப்பாவில் பயனருக்குச் சட்டப்படி உண்டு. குறியிட்டு வைத்ததை ஒரு நாள் உண்மையாகவே அழித்தாக வேண்டும். காத்திருப்புக் காலம் முடிந்ததும் அந்த வேலையைச் செய்யப்போவதும் ஒரு ஸ்கிரிப்ட்தான், அதன் கையிலும் ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல் முதல் நாளில் குறியிட்டபோது இருந்த அதே பட்டியல்தானா என்பதை ஒப்பிடும் நிரலை இப்போதே எழுதி வைத்துவிடலாம்.